உயர்கல்விச் செலவு: இந்தியாவும் இலங்கையும் எட்டாத 6 சதவீதம்

புதுதில்லி: கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தை அரசு செலவிட வேண்டும் என்ற கோரிக்கை பாக் நீரிணையின் இரு கரைகளிலும் ஒலித்த ஒன்று. இந்தியாவில் கோத்தாரி ஆணையம் 1966ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில் இதனைப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையும் அதே இலக்கை மீண்டும் வலியுறுத்தியது. இலங்கையில் 2012ஆம் ஆண்டு பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு இதே 6 சதவீதத்தைக் கேட்டு மூன்று மாதங்களுக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தது.

பள்ளிக் கல்வியையும் சேர்த்து இந்தியாவில் மத்திய, மாநில அரசுகளின் செலவு 4 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இலங்கையில் அது 2 சதவீதத்தைத் தாண்டவே திணறுகிறது. இதை மட்டும் வைத்து இந்திய மாணவர் இரு மடங்கு பயன் பெறுகிறார் என்று கருதினால் அது தவறாகிவிடும்.

இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர் இளநிலைப் பட்டத்துக்குப் பயிற்சிக் கட்டணம் செலுத்துவதில்லை. இடம் கிடைப்பதுதான் கடினம். அண்மை ஆண்டுகளில் உயர்தரத் தேர்வில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் பல்கலைக்கழகத் தகுதி பெற, அனுமதி கிடைப்பதோ 40,000 முதல் 45,000 பேருக்கு மட்டுமே. மாவட்ட ஒதுக்கீடும் இருப்பதால், யாழ்ப்பாணத்து மாணவருக்கும் கொழும்பு மாணவருக்கும் வெட்டுப்புள்ளி வேறுபடுகிறது. தனியார் வழியில் இடங்களைப் பெருக்கும் முயற்சியை மாணவர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்து வந்துள்ளன. மாலபே தனியார் மருத்துவக் கல்லூரியை ஒழிக்க 2017இல் அரசு முடிவெடுத்தது அந்த எதிர்ப்பின் விளைவே.

இந்தியா எதிர்த்திசையில் சென்றது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி மாணவர் எண்ணிக்கை 4.33 கோடி. கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பயில்வது தனியார் கல்லூரிகளில். அதாவது இடங்கள் பெருகின. அவற்றுக்கான செலவில் பெரும்பகுதி குடும்பங்களின் தலையில் விழுந்தது. இலங்கை இடங்களைச் சுருக்கி இலவசத்தைக் காத்தது என்றால், இந்தியா இலவசத்தைச் சுருக்கி இடங்களைப் பெருக்கியது எனலாம்.

மத்திய அரசின் பணம் எங்கே செல்கிறது என்பது அடுத்த கேள்வி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் உயர்கல்வித் துறைக்கு 50,078 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குச் சுமார் 16,691 கோடி; ஐஐடிகளுக்கு 11,349 கோடி. இவ்விரண்டுமே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. பெரும்பான்மையினர் பயிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளும் மாநிலக் கருவூலத்தையும் கட்டணத்தையும் நம்பியே இயங்குகின்றன.

இன்னொரு மாற்றம் அதிகம் பேசப்படாதது. கட்டடம், ஆய்வகம் போன்றவற்றுக்கு முன்பு மானியம் கிடைத்தது. 2016இல் ஒப்புதல் பெற்று, கனரா வங்கியுடன் கூட்டாகத் தொடங்கப்பட்ட உயர்கல்வி நிதி முகமை, அதற்குப் பதிலாகக் கடன் தருகிறது. வட்டியை அரசு ஏற்கிறது. ஆனால் பழைய தொழில்நுட்ப நிறுவனங்கள் அசலைத் தம் சொந்த வருவாயிலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டும். சொந்த வருவாயில் முக்கியமானது மாணவர் கட்டணம். அதே 2016ஆம் ஆண்டில்தான் ஐஐடி இளநிலைப் பயிற்சிக் கட்டணம் ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு முழு விலக்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாணவர் கையில் நேரடியாகச் சேரும் தொகையிலும் வேறுபாடு தெரிகிறது. பொருளாதார நெருக்கடியிலிருந்து மீண்டு வரும் இலங்கை, மகாபொல உதவித்தொகையை 2025இல் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தியது. இந்திய மதிப்பில் ஏறத்தாழ 2,100 ரூபாய். தமிழ்நாட்டின் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தருவது மாதம் 1,000 ரூபாய். ஆயினும் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதத்துடன் தேசிய சராசரியான 28.4 சதவீதத்தை வெகுவாக விஞ்சி நிற்கிறது.

தேசிய அளவில் அந்த விகிதத்தை 2035க்குள் 50 சதவீதமாக்குவது புதிய கல்விக் கொள்கையின் இலக்கு. அதற்குக் கோடிக்கணக்கான புதிய இடங்கள் தேவைப்படும். அவற்றில் எத்தனை அரசுக் கல்லூரிகளில் உருவாகும், எத்தனை தனியாரிடம் விடப்படும் என்பதை அந்தக் கொள்கை ஆவணம் வரையறுக்கவில்லை.