முந்நூறு ரூபாய் தர்மம்

கை கால் இழந்தவர்களுக்கும், கண் தெரியாதவர்களுக்கும், காது கேளாதவர்களுக்கும் சர்க்கார் கொடுக்கும் பணத்துக்கு “உதவித் தொகை” என்று பேர் வைத்திருக்கிறார்கள். உதவி என்றால் என்ன? கொடுக்கிறவனுக்கு இஷ்டமிருந்தால் கொடுப்பது, இஷ்டமில்லாவிட்டால் நிறுத்திவிடுவது, வாங்குகிறவன் கையேந்தி நின்று கொடுக்கிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்பதுதானே? கோயில் வாசலில் நடப்பதும் இதுதான். தாலுகா ஆபீசு வாசலில் நடப்பதும் இதுதான். கோயில் வாசலில் மட்டும் ஒரு சௌகரியம் உண்டு. அங்கே காசு போடுகிறவன், “உனக்குக் கை எத்தனை சதவிகிதம் இல்லை? டாக்டர் கையெழுத்து எங்கே?” என்று கேட்பதில்லை.

இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நாம் கோபத்தைக்கொண்டு பேசவில்லை, கணக்கைக்கொண்டு பேசுகின்றோம்.

மத்திய சர்க்கார் 2009-இல் ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. மாதம் 200 ரூபாய். 2012-இல் அதை 300 ரூபாய் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்த முந்நூறு முந்நூறாகவே கிடந்தது. நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய்! ஒரு கிளாஸ் தேநீருக்கும் போதாத பத்து ரூபாய். இதில் அரிசி வாங்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும், இதே பத்து ரூபாய்க்காக அலையும் பஸ் செலவையும் இதிலேயே கொடுக்க வேண்டும்.

இதே காலத்தில் இந்தச் சட்டங்களைச் செய்கிற பார்லிமெண்டு மெம்பர்களின் கதி என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 2010-இல் அவர்கள் தங்கள் மாதச் சம்பளத்தை 16,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாயாக உயர்த்திக்கொண்டார்கள். 2018-இல் அது ஒரு லட்சமாயிற்று. அத்தோடு நிற்காமல், இனி ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணினார்களோ என்னவோ, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விலைவாசிக் கணக்குப்படி சம்பளம் தானாகவே உயர வேண்டும் என்றும் சட்டம் செய்துகொண்டார்கள். அதன்படி 2023 ஏப்ரல் முதல் 1,24,000 ரூபாய். படிகள் வேறு, வீடு வேறு, விமானம் வேறு.

தோழர்களே, விலைவாசி மெம்பர் வீட்டுக்கு மட்டும்தான் ஏறுகிறதா? முடவன் வீட்டு உப்பு புளிக்கு ஏறவில்லையா? சர்க்கார் சிப்பந்திகளுக்கு வருஷத்தில் இரண்டு தடவை அகவிலைப்படி கணக்குப் பார்க்கத் தெரிந்த அதே சர்க்காருக்கு, இந்த முந்நூறு ரூபாய் விஷயத்தில் மட்டும் கணக்கு மறந்துபோவானேன்? முன்னது சம்பளம், பின்னது தர்மம் என்று நினைப்பதுதான் காரணம். சம்பளத்துக்குக் கணக்கு உண்டு. தர்மத்துக்கு ஏது கணக்கு?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் 24-வது பிரிவு என்று ஒன்று உண்டு. மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே மாதிரியான உதவியைவிட ஊனமுற்றோருக்கு நூற்றுக்கு 25 பங்காவது அதிகம் கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. மத்திய சர்க்கார் கைம்பெண்களுக்குக் கொடுப்பது 300. ஊனமுற்றோருக்குக் கொடுப்பதும் 300. கூடுதல் இருபத்தைந்து பங்கு எங்கே போயிற்று? (கைம்பெண்களுக்கு முந்நூறு போதும் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அது வேறொரு மானக்கேடு. அதற்கு வேறொரு வியாசம் வேண்டும்.) சட்டத்தை மீறிய ஏழையைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது. சட்டத்தை மீறிய சர்க்காரைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

மாகாணங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன என்பதை மறைக்க நமக்கு அவசியமில்லை. தமிழ்நாட்டில் வருவாய்த்துறை கொடுக்கும் தொகை 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆயிற்று. ஆந்திராவில் 2024 ஜூலையில் 3,000-லிருந்து 6,000 ஆயிற்று. நல்லது. ஆனால் ஒரே மாதிரிக் கால் இழந்தவனுக்கு ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு விலையும், வடக்கே நாலு பங்கு விலையும் என்றால் இது எந்த நியாயத்தில் சேர்ந்தது? பசிக்குக்கூடவா எல்லைக்கல் உண்டு?

நிற்க, இந்தத் தொகையாவது கேட்டவனுக்குக் கிடைக்கிறதா? மத்திய சர்க்காரின் முந்நூறு வேண்டுமானால் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். ஊனம் 80 சதவிகிதமாவது இருக்க வேண்டும். முழங்கைக்குக் கீழே ஒரு கை துண்டாகிப் போனவனுக்கு அவர்கள் அளவுகோலின்படி 80 வராது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனவனுக்கும் வராது. மூட்டை தூக்கிப் பிழைத்தவனுக்கு ஒரு கை போனால் அவன் பிழைப்பில் எத்தனை சதவிகிதம் போயிற்று? நூறும் போயிற்று. மேஜைமுன் உட்கார்ந்து பேசிச் சம்பாதிக்கும் வக்கீலுக்கு அதே கை போனால்? அவர் வருமானம் அவ்வளவாகக் குறையாது. ஆனால் போர்டு டாக்டர் அளப்பது எலும்பையே தவிர, பிழைப்பை அல்ல. கசாப்புக் கடைக்காரன்தான் எலும்பையும் சதையையும் நிறுத்துக் கணக்குச் சொல்வான். சர்க்காரும் அதையே செய்தால் அதற்கு ஏன் “நலத்துறை” என்று பேர்?

2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். மத்திய சர்க்காரின் இந்த ஓய்வூதியம் பெற்றவர்களோ ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். இத்தனை பேருக்குத்தான் என்று உச்சவரம்பும் கட்டிவைத்திருக்கிறார்கள். வரம்பு நிறைந்துவிட்டால் ஒருவர் செத்த பிறகுதான் மற்றொருவருக்கு இடம். பணமில்லை என்பார்கள். பத்து லட்சம் பேருக்கு மாதம் முந்நூறு என்றால் வருஷத்துக்கு 360 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய தேசத்தின் கஜானாவில் இது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூசி.

சான்றிதழ் விஷயம் இன்னும் விசேஷமானது. 2024 அக்டோபரில் சட்டத்தின் விதிகளைத் திருத்தினார்கள். முன்பு ஒரு மாதத்தில் கொடுக்க வேண்டியிருந்த சான்றிதழுக்கு மூன்று மாதம் கெடு என்றாக்கினார்கள். அதுகூடப் போகட்டும். இரண்டு வருஷத்துக்குமேல் வைத்திய அதிகாரியால் ஒரு முடிவும் செய்ய முடியாமற்போனால் என்ன ஆகும்? அதிகாரிக்கு அபராதமா? இல்லை. மனுவே செத்துப்போகும். மனுதாரர் திரும்பவும் புதிதாக மனுப்போட வேண்டும்! தூங்கினவன் ஒருவன், தண்டனை மற்றொருவனுக்கு. மனுதர்மத்தில்தான் குற்றம் ஒருவனுடையதும் தண்டனை வேறொருவனுடையதுமாக இருக்கும் என்று எண்ணியிருந்தோம். மனு விதியிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். “முன் ஜென்மத்தில் செய்த பாவம், இந்த ஜென்மத்தில் முடவனாய்ப் பிறந்தான்” என்று எத்தனையோ தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்த தேசம் இது. ஊனமுற்றவன் இங்கே பிறக்கும்போதே குற்றவாளி. குற்றவாளிக்குப் போடுவது கருணைதானே தவிர, பாக்கி அல்லவே! இந்தக் கர்மக் கதை எவ்வளவு புரட்டு என்பதற்கு ஒரு சாட்சி போதும். போலியோ என்னும் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். இயற்கையாய்ப் பரவும் அந்தக் கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனமும் நோய் ஒழிந்தது என்று சான்று கொடுத்துவிட்டது. அப்படியானால் 2011 ஜனவரியோடு பாவாத்மாக்கள் மறுபிறவி எடுப்பதை நிறுத்திக்கொண்டார்களா? இரண்டு சொட்டு மருந்துக்குப் பயந்து கர்ம பலன் ஓடிப்போயிற்றா?

மருந்து வந்ததும் நோய் போயிற்று என்றால், அதற்கு முன்னே கால் இழந்தவர்கள் மருந்து கிடைக்காமையால் இழந்தார்கள் என்றுதானே அர்த்தம்? மருந்தை வேளையில் கொண்டுபோய்ச் சேர்க்காதது யார் குற்றம்? யந்திரத்துக்கு மறைப்புப் போடாத ஆலையில் விரலை விட்டவனுக்கும், ரோட்டில் லாரி மோதி இடுப்பு ஒடிந்தவனுக்கும் நேர்ந்தது பகவான் செயலா, மனிதர் செயலா? ஆகவே இந்தப் பணம் உதவியல்ல, நஷ்டஈடு. சமுதாயம் பட்ட கடன். கடன்காரன் கடன் கொடுத்தவனைப் பார்த்து, “நீ யோக்கியன்தானா?” என்று கேட்பது எவ்வளவு துணிச்சல்!

பணத்தை உயர்த்த மனமில்லாதவர்கள் பேரை மட்டும் உயர்த்துவார்கள். 2015 டிசம்பரில் பிரதம மந்திரி ரேடியோவில் பேசும்போது ஊனமுற்றோரைத் “திவ்யாங்கர்”, அதாவது தெய்விக அங்கமுடையவர் என்று அழைக்க வேண்டும் என்றார். அடுத்த வருஷமே டில்லி இலாகாவின் இந்திப் பேரும் மாறிற்று. ஊனமுற்றோர் பலர் இந்தப் பேர் வேண்டாம் என்றார்கள். 2019-இல் ஐக்கிய நாடுகளின் ஊனமுற்றோர் உரிமைக் கமிட்டியும் இந்தச் சொல்லைக் குறைகூறிற்று. பாவி என்றவர்களும் நம்மவர்கள்தான், தெய்வம் என்பவர்களும் நம்மவர்கள்தான். மனிதன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. மனிதன் என்றால் சோறு போட வேண்டும். தெய்வத்துக்கானால் சூடம் காட்டினால் போதும்!

இப்போது எல்லாவற்றையும் யந்திரத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள். ரேகை வை, கண்ணைக் காட்டு, அப்புறம் பணம் என்கிறார்கள். தொழுநோயால் விரல் தேய்ந்தவர் ரேகைக்கு எங்கே போவார்? அவர்களுக்கு விலக்கு உண்டு என்று விதிப் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது. ரேகைப் பெட்டி புஸ்தகம் படிக்குமா? பாங்கிக் கணக்குக்காக உயிருள்ள முகந்தானா என்று பார்க்க “கண்ணைச் சிமிட்டு” என்கிறது யந்திரம். திராவக வீச்சில் இமை வெந்துபோன பெண் எதைச் சிமிட்டுவாள்? அதற்கும் சுப்ரீம் கோர்ட்டுவரை போக வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 30-இல்தான் மாற்று வழி வைக்கும்படி உத்தரவாயிற்று. அரியானாவில் நூறு வயது தாண்டிய கிழவர் ஒருவரைத் தஸ்தாவேஜு செத்தவராக்கி முதியோர் பென்ஷனை நிறுத்திவிட்டது. அவர் 2022-இல் மாப்பிள்ளைபோல் ரதத்தில் ஏறி, பாண்டு வாத்தியத்துடன் ஊர்வலம் போய்த் தான் சாகவில்லை என்று காட்டினார். பாண்டு வைக்கப் பணமில்லாத கிழவர்கள் செத்தவர்களாகவே இருந்துவிட வேண்டியதுதான்.

இது நம் தேசத்து அவலம் மட்டுமென்று எண்ணிவிடாதீர்கள். படித்த தேசம், பணக்கார தேசம் என்று பேரெடுத்த ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2019 வரை சர்க்கார் ஒரு யந்திரக் கணக்குப் போட்டது. வேலையில்லாதோர் முதலியோருடைய ஒரு வருஷ வருமானத்தை இருபத்தாறு பாகமாகச் சமமாய்ப் பிரித்து, “நீ உதவியைக் கூடுதலாக வாங்கினாய், திருப்பிக் கட்டு, இல்லையென்றால் நீயே ருஜுப்படுத்து” என்று ஓலை அனுப்பிற்று. கூலிக்காரனுக்கு ஒரு வாரம் வேலை உண்டு, மறுவாரம் இல்லை. அவன் வருமானம் எப்படிச் சமமாகும்? கடைசியில் அது சட்டவிரோதம் என்றாகி, சுமார் 4,70,000 கடன்களுக்காக 72 கோடி டாலருக்குமேல் திருப்பிக் கொடுப்பதாகச் சர்க்கார் 2020-இல் ஒப்புக்கொண்டது. 2023-இல் ராயல் கமிஷன் அறிக்கை வந்தபோது, கடனோலைக்குப் பின் தற்கொலை செய்துகொண்ட பிள்ளைகளின் தாய்மார் கொடுத்த சாட்சியமும் உலகத்துக்குத் தெரிந்தது. ருஜுப்படுத்தும் பாரத்தை இல்லாதவன் தலையில் வைத்தால் எந்தத் தேசத்திலும் இதுதான் விளையும்.

“போலிகள் புகுந்துவிடுவார்களே” என்று ஒரு கேள்வி உண்டு. புகுந்தால் பிடியுங்கள். பிடிப்பதற்குத்தானே சம்பளம்? மாதம் முந்நூறுக்காகத் தன் காலை நொண்டியாக்கிக் காட்டுகிற புத்திசாலி எத்தனை பேர்? அப்படிச் சிலர் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அவர்களுக்காக மற்ற எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பது, ஒரு திருடனுக்காக ஊர் முழுவதற்கும் விலங்கு பூட்டுவதாகும்.

அளக்கிற இடத்திலும் ஊனமுற்றோருக்கு இடம் வேண்டும். தமிழ்நாடு சட்டசபை 2025 ஏப்ரலில் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் அவர்களை நியமன மெம்பர்களாக்கச் சட்டம் செய்தது. அது சரியான காரியம். ஆனால் அதே வேலையை வைத்திய போர்டிலும், பென்ஷன் மனுக்களைப் பார்க்கும் கமிட்டிகளிலும் ஏன் செய்யக்கூடாது? படிக்கட்டு எத்தனை உயரம் என்று ஏறமுடியாதவனுக்குத்தானே தெரியும்?

அதுவரை நம் ஊர்த் தோழர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆபீசுக்குப் போகும் ஊனமுற்றவருடன் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போங்கள். மனு கொடுத்தால் தேதியிட்ட ரசீது கேளுங்கள். “முடியாது” என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் முடிவு தவறானால் 2016 சட்டத்தின் 59-வது பிரிவில் அப்பீல் உண்டு. மனு தூங்கினால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர் அந்தப் பத்து ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.