சகித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்

"உயிர் பிழைத்ததே பெரிது. மூக்கில் சீழ் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கரண்ட் வைத்த இடத்தில் கத்தி வைக்கக் கூடாது."

மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சியில் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றுக் குணமானவர்களின் காதில் விழும் அறிவுரை இது. அக்கறையில் பிறந்த பேச்சுதான், ஆனால் தவறு.

தென்சீனத்தின் குவாங்தோங்கிலும் மலேசியாவிலும் நம் நாகாலாந்திலும் அதிகம் காணப்படும் இந்நோய்க்குக் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. ஏறத்தாழ 70 கிரே அளவு, ஆறேழு வாரங்களில் தருகிறார்கள். புற்று கரைகிறது, அக்கம்பக்கத்துச் சைனஸ் அறைகளின் உட்சவ்வும் வெந்துபோகிறது. கெட்டிச் சளி, பொருக்கு, துர்நாற்றம், தலைபாரம் எனச் சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இவர்களுக்குச் சைனஸின் வாசலை அறுவையால் திறந்துவிடலாம் என்றால், எதிர்க்கேள்விகள் எழுகின்றன.

"சளியைத் தள்ளும் நுண்ணிழைகளே அழிந்துவிட்டன; வாசலைப் பெரிதாக்கி என்ன பயன்?" வலுவான கேள்வி. அறுவை அந்த இழைகளை முளைக்க வைக்காது, உண்மை. ஆனால் கன்னத்துச் சைனஸின் இயற்கை வாசல் அறையின் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. நலமான மூக்கில் இழைகள்தாம் சளியை மேட்டுக்கு ஏற்றி வெளியே தள்ளுகின்றன. அவை ஓய்ந்தால், மடை உயரத்தில் வைத்த குளம்போல் உள்ளே தேங்கி அழுகும். அதனால்தான் தேவைப்படுவோருக்கு உட்சுவரை மூக்கின் தரைமட்டம் வரை இறக்கித் திறக்கிறார்கள். தேங்கியது வடிகிறது, உப்புநீர் உள்ளே சென்று கழுவுகிறது. இழைகள் செய்த வேலையைச் சரிவும் நீரும் ஏற்கின்றன.

"ஆன்டிபயாடிக் போதும்." கிருமி பெருகினால் அது வேண்டும். ஆனால் அடைபட்ட அறையை மாத்திரை திறக்காது. காய்ந்த பொருக்கைப் பெயர்க்காது. மருந்து முடிந்த சில வாரங்களில் சீழ் திரும்புவது இதனால்தான்.

"கதிர் பட்ட சதை ஆறாது." இந்த அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. சிறு இரத்தக்குழாய்கள் சுருங்கியிருப்பதால் புண் மெதுவாகத்தான் ஆறும், ஒட்டுத்தழும்பும் விழும். ஆனால் ஈறைக் கீறி, சவ்வையே உரித்தெடுத்த கால்ட்வெல்-லூக் அறுவைக்கு உரிய அச்சம் அது. அந்த முறை 1890களில் வந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மருத்துவர் மெசர்கிளிங்கர் வகுத்து, 1980களில் பரவிய, மூக்குத்துளை வழியே செய்யும் எண்டோஸ்கோப் முறையின் அடிப்படையே சவ்வைக் காப்பதுதான். கதிர்வீச்சின் உடனடிப் புண்கள் ஆறும்வரை காத்திருந்து, சி.டி. ஸ்கேனைப் படித்து, எலும்பை வெறுமையாக்காமல் செய்ய வேண்டும். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியும் கண் நரம்பும் அருகிலேயே ஓடுவதால், இதில் கைதேர்ந்தவரே செய்ய வேண்டும்.

"கத்தி பட்டால் புற்று கிளம்பும்." சைனஸைத் திறப்பதால் ஆறிய புற்று திரும்பாது. பொருக்கும் சீழும் மூடிய மூக்கில்தான் திரும்பி வரும் புற்று கண்ணுக்குத் தப்பும். சுத்தமான மூக்கில் எண்டோஸ்கோப் தெளிவாகப் பார்க்கும். ஐயமான இடத்தில் திசு எடுத்துப் பரிசோதிக்கலாம்.

எல்லோருக்கும் அறுவை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்புக் கலந்து தினமும் கழுவுவதும், மருத்துவர் கையால் பொருக்கு நீக்குவதுமே முதற்படி. பலருக்கு அதுவே போதும். அறுவைக்குப் பிறகும் அந்தக் கழுவல் தொடர வேண்டும். அறுவையால் கதிர்வீச்சு பெறாதவர்களுக்குக் கிடைக்கும் அளவு பலன் இவர்களுக்குக் கிடைக்காமலும் போகலாம். சிலருக்கு மீண்டும் திறக்க நேரிடும். ஆயினும் நாற்றம் குறைந்து, தலைபாரம் இறங்கி, நாலு பேர் நடுவில் கூச்சமின்றி உட்கார முடிவது சிறிய பலன் அல்ல.

கதிர்வீச்சு முடிந்து மாதங்கள் கடந்தும் சீழ் நிற்கவில்லையா? காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சளியில் இரத்தம் கலந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். புற்றுநோயை வென்றவருக்கு நன்றாக மூச்சுவிடும் உரிமையும் உண்டு.