ஸ்பானியம் படித்தால் சோறு போடுமா?

ரொறன்ரோவுக்கு வடக்கே, மார்க்கம் நகரை அடுத்துள்ள ஸ்ரௌவ்வில்லில் தமிழர் இல்லங்கள் பெருகிவிட்டன. ஜனவரி பிறந்ததும் இவ்வில்லங்களில் இரண்டு விடயங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. ஒன்று, கனடிய நாடாளுமன்றம் 2016 இல் ஏற்றுக்கொண்ட தமிழ் மரபுத் திங்கள். மற்றொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜனவரி நடுப்பகுதிக்குள் அனுப்ப வேண்டிய பல்கலைக்கழக விண்ணப்பம். மேடையில் "மொழியே எம் உயிர்" என்று முழங்கிய தந்தை, வீடு திரும்பியதும், ஸ்பானிய மொழியும் இலக்கியமும் படிக்க விரும்பும் மகளைப் பார்த்து, "அது சோறு போடுமா, பிள்ளை?" என்று கேட்கின்றார்.

அக்கேள்வியை இகழ்வது எளிது. ஆனால் அது நேர்மையன்று. போரினால் யாவற்றையும் இழந்து, தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரவு பகலாய் உழைத்து வீட்டுக் கடன் கட்டிய தலைமுறையின் அச்சம் அது. பொறியியலும் மருத்துவமும் கணினியும் அத்தலைமுறைக்கு வெறும் பாடங்கள் அல்ல, பாதுகாப்பு அரண்கள். எனினும், அச்சம் நியாயமானது என்பதால் அதிலிருந்து பிறக்கும் முடிவும் சரியானதாகிவிடாது.

முதலில் நடைமுறையை நோக்குவோர், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் பீடத்தில் ஒரு மாணவர் இரண்டு முதன்மைப் பாடங்களை இணைத்துப் பட்டம் பெற இயலும் என்பதை அறிதல் வேண்டும். கணினி அறிவியலா ஸ்பானியமா என்ற தேர்வு எல்லா இடத்திலும் கட்டாயமானதன்று. இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் ஸ்பானியத்தை ஏறத்தாழ ஐம்பது கோடி மக்கள் தாய்மொழியாகக் கொண்டுள்ளனர். கனடாவுடன் வணிக உடன்படிக்கை கொண்ட மெக்சிக்கோவும் அவற்றுள் ஒன்று. மொழிப்பட்டம் மட்டுமே உடனடியாக வேலை தந்துவிடும் என்று கூறுவது மிகையாகும். ஆனால் அது வீண் என்று கூறுவது அதனினும் பெரிய பிழை.

இதனைவிட ஆழமான காரணமும் உண்டு. நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா, 1929 இல் தம் நாட்டுத் துணைத் தூதராகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் வாழ்ந்தவர். அவர் மறைந்தபின் 1974 இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில், தம் வீட்டின் மலவாளியை அகற்ற வந்த தமிழ்ப் பெண்ணொருத்தியை அவள் விருப்பமின்றியே புணர்ந்ததை அவரே எழுதி வைத்துள்ளார். அந்நூலில் அவளுக்குப் பெயர் இல்லை. 2018 இல் சான்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரைச் சூட்ட முயன்றபோது, அப்பகுதியைச் சுட்டிக்காட்டி எதிர்த்தவர்கள் சிலி நாட்டுப் பெண்ணுரிமையாளர்கள். விமான நிலையம் இன்றும் பழைய பெயரிலேயே இயங்குகின்றது.

அந்தப் பெண்ணுக்காகப் பேசியோர் அவளுடைய மொழியை அறியாதவர்கள். அவளுடைய மொழியைப் பேசுவோருள், அவளைப் பற்றிய அந்தப் பக்கத்தை மூலமொழியில் படித்து ஆராயக்கூடியவர் எத்தனை பேர்? தமிழில் நெரூடாவும் மார்க்கேசும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்து சேர்ந்தவர்கள். பிறர் நூலில் தமிழர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளனர் என்பதை அறியவேனும் பிறமொழி கற்ற தமிழர் வேண்டும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. தனிநாயகம் அடிகள் ஸ்பானியம், போர்த்துக்கேயம் உள்ளிட்ட பல ஐரோப்பிய மொழிகளை அறிந்திருந்தார். 1554 இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை 1964 இல் உருவாக்குவதில் முன்னின்ற அவருக்குப் பிறமொழிக் கல்வி தமிழிலிருந்து விலகும் வழியாக அமையவில்லை; தமிழை உலகுக்கு எடுத்துச் செல்லும் வழியாகவே அமைந்தது.

இறுதியாக ஒரு முரண்பாடு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபுரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்கத் தமிழர் முப்பது இலட்சம் டொலர் இலக்கு வைத்து, 2021 இல் அதனை எட்டினர். அந்த இருக்கையின் வகுப்பில் அமரப்போவது யார்? இலக்கியம் சோறு போடாது என்று ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளைத் தடுத்தால் தமிழ் வகுப்பும் வெறிச்சோடும். 2025 இல் யோர்க் பல்கலைக்கழகம் 18 கற்கைநெறிகளுக்கான புதிய மாணவர் சேர்ப்பை இடைநிறுத்தியது. அவற்றுள் ஐரோப்பிய மொழிக் கற்கைகள் சிலவும் அடங்கும். மாணவர் இல்லாத மொழித்துறையை எந்த நன்கொடையும் நெடுங்காலம் காக்காது.

பிறர் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்று விரும்பும் சமூகம், தன் பிள்ளை பிறர் மொழி படிப்பதை இழப்பாகக் கருதலாகாது. யாதும் ஊரே என்று பெருமை பேசும் இனத்தின் மகள் அந்த ஊர்களின் மொழியொன்றைக் கற்க விழைகின்றாள். விண்ணப்பம் அனுப்பும் நாளுக்கு முன்பாக, ஸ்ரௌவ்வில்லின் தந்தையர் அவளிடம் வேறொரு கேள்வியையும் கேட்கட்டும்: "அதைப் படித்து என்ன செய்ய எண்ணியிருக்கிறாய், பிள்ளை?" அவள் சொல்லும் விடையைச் செவிமடுத்த பின்னர் சோற்றைப் பற்றிப் பேசலாம்.