கூடவே இருக்கிறார்கள், ஆனால் பழக்கமில்லை: கனடாவில் மீண்டும் சேரும் பிலிப்பினோ குடும்பங்கள்

பிலிப்பைன்ஸில் 'பாலிக்பயான் பெட்டி' என்றால் குழந்தைக்கும் தெரியும். வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மாவோ அப்பாவோ மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, கப்பலில் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி அது. உள்ளே டின் இறைச்சி, சாக்லேட், சோப்பு, ஷாம்பு, துண்டு, துணிமணி எல்லாம் இருக்கும். ஷூ வாங்குவதில்தான் சிக்கல். பெட்டி கடல் தாண்டி வீடு வந்து சேர ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகலாம். வளர்கிற பிள்ளையின் கால் அதுவரை காத்திருக்காது. அதனால் ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கி அனுப்புவார்கள்.

கனடாவில் குடியேறும் பிலிப்பினோக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, முதல் கேள்வி குளிரைப் பற்றித்தான் இருக்கும். நியாயம்தான். பிலிப்பினோக்கள் அதிகம் வாழும் வின்னிபெக் நகரில் ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி எல்லாம் சாதாரணம். ஆனால் குளிருக்கு ஒரு வழி இருக்கிறது. நல்ல ஜாக்கெட், நல்ல பூட்ஸ், இரண்டு குளிர்காலம், அவ்வளவுதான், பழகிவிடும். அப்படிப் பழகிப்போகாத ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மகனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா கனடா போகிறார். அங்கே வேறொரு வீட்டின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பையன் பாட்டியிடம் வளர்கிறான். வாரம் தவறாமல் வீடியோ கால், மாதம் தவறாமல் பணம். எட்டு வருடம் கழித்து பேப்பர் எல்லாம் சரியாகி, அப்பாவும் பையனும் விமானம் ஏறுகிறார்கள். ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்து அழுகை, போட்டோ எல்லாம் ஆகிறது. வீட்டுக்குப் போனால், பையனுக்குப் பிடிக்கும் என்று அம்மா சமைத்து வைத்திருக்கிறார். அது ஏழு வயதுப் பையனுக்குப் பிடித்த சாப்பாடு. வந்திருப்பவனுக்கு வயது பதினைந்து.

அடுத்த சில மாதங்களில் இன்னொன்றும் நடக்கும். பையன் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு பாட்டிக்கு வீடியோ கால் போடுவான். எட்டு வருடமாக போனுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா, இப்போது இந்தப் பக்கம் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

ஏன் இத்தனை வருடம்?

குடும்பம் அலட்சியமாக இருந்ததால் அல்ல. விதி அப்படி எழுதப்பட்டிருந்தது. கனடா 1992-ல் 'லிவ்-இன் கேர்கிவர்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ள வருபவர், முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும். குடும்பத்தைக் கூட்டிவரும் வழக்கமே அதில் இல்லை. 24 மாதம் முழுநேர வேலையை முடித்த பிறகுதான் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த பிறகும் மருத்துவப் பரிசோதனை, பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு, அதுவும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும். ஒருவருடைய பேப்பர் சிக்கினால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிலிப்பினோ பெண்கள்.

இதில் வயது விஷயம் வேறு. பெற்றோரோடு வர, பிள்ளை 22 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 2014 ஆகஸ்ட்டில் அதை 19 ஆகக் குறைத்தார்கள். 2017 அக்டோபரில் மறுபடியும் 22 ஆக்கினார்கள். ஒட்டாவாவில் யாரோ ஒரு எண்ணை மாற்றி, மூன்று வருடம் கழித்து பழையபடி மாற்றினார்கள். அந்த இடைவெளியில் 19-ஐத் தாண்டிய பிள்ளைகளுக்கு அது வெறும் எண் இல்லை.

கனடாவை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவதும் சரியாக இருக்காது. ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசே ஒழுங்குபடுத்தி நடத்தும் ஏற்பாட்டை, ஃபெர்டினாண்ட் மார்கோஸ் 1974-ல் தொழிலாளர் சட்டத்திலேயே கொண்டுவந்தார். வேலையின்மைக்கு ஒரு தற்காலிகத் தீர்வாகத்தான் அது தொடங்கியது. மார்கோஸை வீழ்த்திவிட்டு வந்த கொரசோன் அகினோவும் அதை மாற்றவில்லை. 1988-ல் வெளிநாட்டுத் தொழிலாளர்களை 'புதிய நாயகர்கள்' என்று புகழ்ந்தார். பட்டம் இன்றுவரை தொடர்கிறது, பணமும் தொடர்கிறது. 2023-ல் வங்கிகள் வழியாக நாட்டுக்கு வந்தது மட்டும் சுமார் 3,349 கோடி டாலர். இவ்வளவு பணம் வரும்போது, எந்த அரசுக்குத்தான் இதை நிறுத்த மனசு வரும்?

நாயகர் பட்டம் அம்மாக்களுக்கு வீட்டில் அவ்வளவாக உதவுவதில்லை என்பதுதான் வேடிக்கை. சமூகவியலாளர் ரேசல் சலாசர் பரேன்யாஸ், ஊரில் விட்டுச்செல்லப்பட்ட பிலிப்பினோ பிள்ளைகளைச் சந்தித்து 2005-ல் ஒரு புத்தகம் எழுதினார். அப்பா வெளிநாடு போனால், 'நமக்காக உழைக்கிறார்' என்று பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். அம்மா போனால், அதே பணத்தை அனுப்பினாலும், 'விட்டுவிட்டுப் போய்விட்டார்' என்ற வருத்தம் தங்கிவிடுகிறது. வீட்டில் இருக்கும் அப்பா சமையலறைப் பக்கம் வருவதும் குறைவு. அந்தப் பொறுப்பு பாட்டிக்கும், சித்திக்கும், 'ஆதே' என்று அழைக்கப்படும் மூத்த அக்காவுக்கும் போகிறது. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் அம்மா ஆகிவிட்ட அந்த அக்கா, கனடா வந்ததும் மறுபடியும் மகளாக மாற வேண்டும். தங்கச்சி யார் பேச்சைக் கேட்பாள், அம்மா பேச்சையா, அக்கா பேச்சையா? பெரிய சண்டைகள் எல்லாம் இந்த மாதிரி சின்ன இடத்தில்தான் ஆரம்பிக்கும்.

சேர்ந்தபிறகாவது உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஊரில் நர்ஸாகவோ ஆசிரியராகவோ இருந்தவர், கேர்கிவர் வேலையில் பல வருடம் கழித்திருப்பார். நர்ஸாகத் திரும்ப வேண்டுமென்றால் மதிப்பீடு, தேர்வு, கட்டணம் என்று வரிசையாக இருக்கின்றன. மேலே, எட்டு வருடம் பணம் அனுப்பியதில் கையில் மிச்சம் இல்லை. நான்கு பேருக்கு டிக்கெட், விசா கட்டணம், வீட்டு வாடகை. அதனால் குடும்பம் வந்து சேர்ந்த அதே மாதத்தில் அம்மா இரண்டாவது ஷிப்ட் எடுக்கிறார். அப்பா இரவு நேரத் துப்புரவு வேலைக்குப் போகிறார். ஒரே கூரைக்குக் கீழே நான்கு பேர், நான்கு விதமான நேரம். ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டில்தான் பேச்சுவார்த்தை.

பள்ளிக்கூடத்தில் நடப்பது இன்னும் கொடுமை. பிலிப்பைன்ஸில் நீண்ட காலம் பள்ளிப் படிப்பே பத்து வருடம்தான். 2013-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அது பன்னிரண்டு வருடமும் ஒரு கிண்டர்கார்டன் வருடமும் என்று ஆனது. ஆக, அதற்கு முன்பு பதினாறு வயதில் பள்ளி முடித்து, கல்லூரியில் சேர்ந்தும்விட்ட பையன் கனடா வந்தால், மறுபடியும் பள்ளி வகுப்பில் உட்காரச் சொல்வார்கள். அவன் ஆங்கிலம் பேசுவான். பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் ஆங்கிலம் உண்டு. இருந்தாலும் உச்சரிப்பைக் கேட்டு ஆங்கிலம் கற்கும் வகுப்புக்கு அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. வான்கூவரில் இந்தக் குடும்பங்களோடு பல வருடம் வேலை செய்த புவியியலாளர் ஜெரால்டின் பிராட், 2012-ல் வெளியான தன் புத்தகத்தில் சொல்வது இதைத்தான்: பிரிவின் விலை அம்மாவோடு முடிவதில்லை, பிள்ளைகளின் படிப்பிலும் வேலையிலும் அது தொடர்கிறது.

தாங்கிப் பிடிக்க எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் பிலிப்பினோக்கள் சுமார் 9.57 லட்சம் பேர். முன்பின் தெரியாத பெரியவர்களையும் 'தீதோ', 'தீதா' என்று மாமா, அத்தை முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். நாம் 'ங்க' சேர்ப்பதுபோல மரியாதைக்கு 'போ' சேர்ப்பார்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் நடக்கும் 'சிம்பாங் காபி' பிரார்த்தனையை, ஊரில் விடியற்காலையில் நடத்துவதை, இங்கே வேலை நேரம் பார்த்து மாலைக்கு மாற்றிக்கொண்ட தேவாலயங்களும் உண்டு. 2016 டிசம்பரில் ஜாலிபீ தன் முதல் கனடா கடையை வின்னிபெக்கில் திறந்தபோது, அந்தக் குளிரிலும் மணிக்கணக்கில் கியூ நின்றது. வறுத்த கோழிக்கும் இனிப்பான ஸ்பகெட்டிக்கும் இவ்வளவு கூட்டமா என்று கிண்டல் செய்யலாம். ஆனால் அம்மாவும் மகனும் ஒரே மாதிரி ஞாபகம் வைத்திருக்கும் ருசி வேறு எத்தனை மிச்சமிருக்கும்?

இந்த இடத்தில்தான் ஊடகங்கள் ஒரு தப்பு செய்கின்றன. 'பிலிப்பினோக்கள் எதையும் சிரித்துக்கொண்டே சமாளிப்பார்கள்' என்று எழுதி முடித்துவிடுகின்றன. பாராட்டுபோலத்தான் தெரியும். ஆனால் 'சமாளிப்பார்கள்' என்று சொன்ன பிறகு, ஏன் சமாளிக்க வேண்டி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிரித்தது அரசு விதி. ஒட்டவைக்கும் வேலை மட்டும் அம்மாவின் சொந்தப் பொறுப்பாம், அதுவும் இரண்டு ஷிப்டுக்கு நடுவில்!

வேறு மாதிரியும் விதி எழுத முடியும் என்பதற்குக் கனடாவே சாட்சி. முதலாளி வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை 2014 நவம்பரில் போனது. 2019-ல் வந்த புதிய பைலட் திட்டங்களில், கேர்கிவரோடு கணவரும் பிள்ளைகளும் சேர்ந்தே வர வழி திறந்தது. கணவருக்கு வேலை அனுமதி, பிள்ளைக்குப் படிப்பு அனுமதி. 2025 மார்ச் 31-ல் தொடங்கிய அடுத்த திட்டம், நிரந்தரக் குடியுரிமையையே முதலில் தருவதாகச் சொன்னது. ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். எல்லாமே பைலட், அதாவது சோதனை முயற்சி. பெயரிலேயே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மூடலாம் என்று. கனடாவின் குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுவது மட்டும் சோதனை முயற்சி இல்லை, அது நிரந்தரம்.

ஏற்கெனவே எட்டு வருடம் பிரிந்திருந்து சேர்ந்தவர்களுக்கு இந்தப் புதிய விதிகளால் எந்தப் பயனும் இல்லை. அவர்களுக்குத் தேவை வேறு. வந்த முதல் சில மாதங்களாவது அம்மா ஒரு ஷிப்டோடு வீடு திரும்ப உதவித்தொகை. நர்ஸ் சான்றிதழை மதிப்பிட வேகமான, மலிவான வழி. உச்சரிப்பைப் பார்க்காமல் பாடத்தைப் பார்த்து வகுப்பைத் தீர்மானிக்கும் பள்ளி. டகாலோக் தெரிந்த ஒரு கவுன்சிலர். 24 மாத உழைப்பை மாதம் மாதமாக எண்ணத் தெரிந்த ஒரு துறைக்கு, இதற்கெல்லாம் கணக்குப் போடுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை.