இரண்டு பம்ப் பூட்டினால் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் தங்கட கராஜிலேயே விமானம் கட்டிப் பறக்கிற ஆக்கள் கனபேர். வேலையின் பெரும்பகுதியைக் கட்டுறவையே செய்திருக்க வேணும் எண்டது அங்கத்தைய சட்டம். அப்ப பெற்றோல் எந்தக் குழாயால, எந்தப் பம்பால எஞ்சினுக்குப் போகவேணும் எண்ட முடிவும் பெரும்பாலும் அவையின்ர கையிலதான். இதில எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து இருக்கு. "என்னட்ட இரண்டு பம்ப் இருக்கு" எண்டது ஒரு பதிலே இல்லை. இரண்டும் ஒரே காரணத்தால நிண்டு போகுமா? அதைத்தான் கேக்கவேணும்.

இறக்கை மேலே இருக்கிற, காபரேற்றர் போட்ட செஸ்னா 172க்குப் பம்பே தேவையில்லை. பெற்றோல் தானா இறங்கி வரும். இறக்கை கீழே இருந்தால் மேலே தள்ள ஒண்டு வேணும். பழைய முறை: எஞ்சினே சுத்துற மெக்கானிக்கல் பம்ப் ஒண்டு, துணைக்கு மின்பம்ப் ஒண்டு. ஒண்டின்ர டயபிராம் கிழியலாம், மற்றதுக்குக் கரண்ட் போகலாம். இரண்டும் ஒரே நேரத்தில நடக்கிறது அருமை. இதைப் பழசு எண்டு நக்கலடிக்கிற ஆக்களோட எனக்கு உடன்பாடில்லை.

இலத்திரனியல் இன்ஜெக்ஷனுக்கு ஏறத்தாழ 3 பார் அழுத்தம் வேணும் எண்டதால, அதில இரண்டுமே மின்பம்ப். பூட்டுறதில பிழையில்லை. ஆனா இரண்டுக்கும் ஒரே பியூஸ், ஒரே எர்த் வயர் எண்டால், லூசான ஒரு நட்டு இரண்டையும் சேர்த்து நிப்பாட்டும். ரொட்டாக்ஸ் 912 ஐஎஸ் எஞ்சினுக்குள்ள இரண்டு ஜெனரேற்றர் வைச்சது சும்மா இல்லை.

பக்கத்தில பக்கத்தில பூட்டினால் ஒவ்வொரு பம்புக்குப் பிறகும் ஒருவழி வால்வு வேணும். இல்லாட்டி ஓடுற பம்ப் தள்ளுற பெற்றோல் நிண்ட பம்புக்குள்ளால திரும்பி வந்திடும். ஒண்டுக்குப் பின் ஒண்டாப் பூட்டினால், நிண்டதைச் சுத்திப் போக வழி விடவேணும்.

மின்பம்பைத் தாங்கிக்குக் கிட்டவும் பதிவாவும் வைக்கிறதுதான் நல்லது. உறிஞ்சிற பக்கத்தில அழுத்தம் குறையும். எஞ்சின் சூடும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகும். ஆவியைப் பம்ப் தள்ளாது. கார் பெற்றோல் அடிக்கிற ஆக்களுக்கு இந்தப் பயம் இன்னும் கூட இருக்கவேணும்.

பம்போட கதை முடியாது. பாடகர் ஜோன் டென்வர் 1997இல் இறந்தது வேறொருவர் கட்டின லோங்-ஈசி விமானத்தில. தாங்கி மாத்திற வால்வு, வடிவமைப்பில இருந்த இடத்தில இல்லாமல், விமானியின்ர இடது தோளுக்குப் பின்னால இருந்தது. அதைத் திருப்பப் போனபோதுதான் கட்டுப்பாடு போனது எண்டு விசாரணை முடிவு சொன்னது. பம்ப் சுவிட்சுக்கும் இதே கேள்விதான்: பெல்ற் போட்டபடி, திரும்பாமல், கை எட்டுமா?

முதல் பறப்புக்கு முன்னமே மூக்கை மேலே தூக்கி வைச்சு, ஒவ்வொரு பம்பையும் தனித்தனியா ஓட்டி, வாற பெற்றோலை அளந்து பாருங்கோ. முழு வேகத்தில எஞ்சின் குடிக்கிறதின்ர 125 வீதம் வரேல்லை எண்டால், விமானம் கராஜிலேயே நிக்கட்டும்.