நிழல் இல்லாத படங்கள்

மேஜைமீது ஒரு மாம்பழம். அதை வரைய உட்காரும் ஓவியர் முதலில் எதைப் பார்க்கிறார்? ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார். வெளிச்சம் படும் பக்கம் பளபளக்கும். மறுபக்கம் இருளும். அதனால்தான் படத்தில் பழம் உருண்டையாகத் தெரிகிறது.

இது மேல்நாட்டு முறை. ரவிவர்மா (1848–1906) இந்த முறையில் வரைந்த தெய்வப் படங்கள் அச்சாகி வீடுதோறும் வந்தன. நம் கண்ணும் அதற்குப் பழகிவிட்டது.

இப்போது ராமநாதபுரம் அரண்மனைக்கு வாருங்கள். அங்கே ராமலிங்க விலாசம் என்ற மண்டபத்தில் சுவரெங்கும் ஓவியங்கள். முத்து விஜயரகுநாத சேதுபதி (1713–1725) காலத்தவை. ராமர் கதை, கண்ணன் கதை, மராட்டியரோடு நடந்த போர் எல்லாம் உண்டு. ஆனால், யார் காலடியிலும் நிழல் இல்லை!

"அந்தக் காலத்தில் வரையத் தெரியவில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு.

நிழல் நேரத்தைக் காட்டும். காலையில் நீளும், உச்சிவேளையில் சுருங்கும். ராமர் கதை ஒரு வேளைக்கு மட்டும் உரிய கதையா? எல்லார்மீதும் ஒரே வெளிச்சத்தைப் பரப்பி, உருவத்தைக் கோடுகளாலேயே நிறுத்தினார்கள். அதற்கு எத்தனை கைத்திறமை வேண்டும்!

பழைய சுவரைக் கண்டால் ஆணியால் பெயர் கீறுகிறவர்கள் இருக்கிறார்கள். மதிப்புத் தெரியாததே காரணம். சுவர் ஓவியம் அழிந்தால் திரும்ப வராது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். மதிப்பு அறிந்த கை சுவரைக் கீறாது.