அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வா, கண்ணு!

வீட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால் இது உங்களுக்குப் பழகிய காட்சிதான். ஸ்கூலில் ப்ராஜெக்ட் கொடுத்திருப்பார்கள். போனில் இரண்டு வார்த்தை தட்டி, முதலில் வரும் பக்கத்தைத் திறந்து, அப்படியே சார்ட் பேப்பரில் எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். ‘இது சரியான தகவல்தானா?’ என்று கேட்டுப் பாருங்கள். “கூகுள்லயே போட்டிருக்கும்மா” என்று பதில் வரும்.

கூகுள், நூலகத்தில் அலமாரியைக் காட்டுகிறவர் மாதிரி. எடுத்த புத்தகத்தை எழுதியவர் யார் என்று நாம்தான் பார்க்க வேண்டும். (இப்போது உச்சியிலேயே ஏ.ஐ. சுருக்கம் வேறு வந்து நிற்கிறது. அதோடு தரும் இணைப்புகளைத் திறந்து பார்க்காமல் அதையும் எழுதிக்கொள்ளக் கூடாது.)

சரி, எப்படிப் பார்ப்பது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அங்கே படிக்கும் 25 மாணவர்கள், வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேர். இவர்களிடம் குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் இணையப் பக்கங்களைக் காட்டி, எதை நம்பலாம் என்று கேட்டார்கள்.

ஒன்று, 1930-ல் தொடங்கிய, 60 ஆயிரத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் கொண்ட ‘அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்’. இன்னொன்று, தன்பாலினத் தம்பதிகள் குழந்தையைத் தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்தது பிடிக்காமல் 2002-ல் பிரிந்துபோன சிலர் தொடங்கிய, சில நூறு பேர் மட்டுமே உள்ள ‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ்’. பார்வைக்கு இரண்டுமே பளிச்சென்று இருந்தன. மாணவர்களில் பெரும்பாலோர் அந்தச் சின்ன அமைப்பைத்தான் நம்பினார்கள். முனைவர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்களில் ஒருவர்கூட ஏமாறவில்லை.

மற்றவர்கள் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களோ சட்டென்று வெளியே வந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அவ்வளவுதான் வித்தை! நம் ஊரில் சம்பந்தம் பேசும்போது செய்வதும் இதுதானே? மாப்பிள்ளை வீட்டார் தங்களைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும், பக்கத்துத் தெருவில் ஒரு வார்த்தை விசாரிக்காமல் யாரும் தட்டு மாற்றுவதில்லை.

தேடும் வார்த்தையிலும் சூட்சுமம் இருக்கிறது. ‘தடுப்பூசி ஆபத்து’ என்று தட்டினால் ஆபத்து என்று எழுதியவைதான் வரிசையாக வரும். ‘ரூபெல்லா தடுப்பூசி யாருக்கு, எதற்கு’ என்று தேடச் சொல்லுங்கள். முகவரியையும் கவனிக்கட்டும். ‘டாட் ஆர்க்’ என்று முடியும் முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ‘டாட் கவ் டாட் இன்’ அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும்.

தடுப்பூசியை உதாரணம் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியைக் கேட்டுப் பல பெற்றோர் பயந்துபோனார்கள். முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். அதைத் தடுக்கிற ஊசியைத்தான் ஒரு ஃபார்வர்டை நம்பி வேண்டாம் என்றார்கள்.

கேரளாவின் கண்ணூரிலும் இதே தடுப்பூசிக்கு இதே கதைதான். அங்கே கலெக்டராக இருந்த மீர் முகமது அலி, 2018-ல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பே நடத்த வைத்தார். பெயர், ‘சத்யமேவ ஜயதே’. நம் பள்ளிகளிலும் வாரம் ஒரு பீரியட் இதற்கு ஒதுக்கினால் என்ன? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்களேன்.

அதுவரை வீட்டில் செய்யலாம். ஃபேமிலி குரூப்பில் இந்த வாரம் வந்த ஒரு ஃபார்வர்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டு, அது முதலில் எப்போது, எங்கே வந்தது என்று தேடட்டும். எழுத்தாக இருந்தால், சொன்னது யார், வேறு யாரெல்லாம் அதைச் சொல்கிறார்கள் என்று பார்த்து வரட்டும். பத்து நிமிஷம் போதும். அது பொய் என்று தெரிந்து, அனுப்பியவர் பெரியப்பாவாகவும் இருந்துவிட்டால், குரூப்பில் போட வேண்டாம். அவருக்குத் தனியாக போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.